ராஜினாமா எழுதச் சொன்னால் உடனே எழுதாதீர்கள்

புளியந்தோப்பில் தொழிலாளர் வழக்குகள் பார்க்கிறேன். முன்பெல்லாம் பட்டறைக்காரர்களும் லாரிக்காரர்களும்தான் வருவார்கள். இப்போது கழுத்தில் ஐடி கார்டோடு பிள்ளைகள் வருகிறார்கள்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்ததே, அதன்பிறகு வந்த பெண் ஒருவரை மறக்க முடியவில்லை. மென்பொருள் டெஸ்டர். கசிவை எதிர்த்த போராட்டத்தில் அம்மா உட்கார்ந்திருந்த படத்தை டீம் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். மறுநாளே எச்.ஆர். அறையில் வெள்ளைத்தாளும் பேனாவும். "நீயே எழுதிக் கொடுத்துட்டா ரிலீவிங் லெட்டர்ல பிரச்சினை வராதும்மா." நாலாக மடித்த அந்தத் தாளை என் மேசையில் விரித்தார். தேதி மட்டும் எழுதியிருந்தது.

"எச்.ஆருக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்புனது என் பக்கத்து சீட்டு சார். தினமும் ஒண்ணா சாப்பிடுவோம்" என்றபோதுதான் அழுதார்.

எனக்கு நிர்வாகத்தைவிட இதுதான் பெரிய கவலை. இணையச் சுதந்திரம் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்களே, தனக்குப் பிடிக்காத கருத்தைச் சொன்னவனின் வேலை போகட்டும் என்று நினைக்கிறார்கள். அதே குழுவில் அவர்களுக்குப் பிடித்த கட்சியின் மீம்ஸ் தினமும் வருகிறது. அது மட்டும் அரசியல் இல்லையாம்.

இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்ய வழிவிட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்தது. அதனால் என்ன எழுதினாலும் யாரும் கைவைக்க முடியாது என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை. பேச்சுரிமை தரும் அரசியல் சட்டத்தின் 19(1)(அ) பெரும்பாலும் அரசுக்கு எதிராகத்தான் உதவும், தனியார் கம்பெனிக்கு எதிராக அதை வைத்து வழக்கு நடத்துவது எளிதல்ல. 2023-இல் ஒரு கிராம வங்கி ஊழியருக்கு, வாட்ஸ்அப் குழுவில் அதிகாரிகளை விமர்சித்ததற்காகக் கொடுத்த குற்றச்சாட்டுக் குறிப்பாணையை (சார்ஜ் மெமோ) உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ரத்து செய்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அது அரசு சார்ந்த வங்கி.

அதனால் கம்பெனி லேப்டாப்பில், கம்பெனி சாட்டில் அரசியல் பேச வேண்டாம். சொந்த போன், சொந்தக் கணக்கு போதும். கூப்பிட்டு மிரட்டினால், "மெயிலில் கேளுங்கள், பதில் தருகிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டுவிட்டால், மிரட்டித்தான் வாங்கினார்கள் என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும்.

அப்புறம், சங்கம். 1918-இல் பெரம்பூர் மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்ட மண் இது. ஐடி ஊழியர்களும் சங்கம் வைக்கலாம் என்று தமிழக அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. அந்தப் பெண்ணுக்கு அது தெரியாது.

அவர் எழுதிக் கொடுக்கவில்லை. மெயிலில் காரணம் கேட்டோம். பதிலே வரவில்லை, வேறு டீமுக்கு மாற்றினார்கள், வேலை இருக்கிறது. பக்கத்து சீட்டுக்காரரோடு இன்னும் பேசுவதில்லையாம்.