ரெக்கார்டிங் இருக்கிறது, சரி. போன் எங்கே?

கோத்தகிரி, குன்னூர் பக்கம் பச்சைத் தேயிலை பாக்கி, கைமாற்று, காட்டேஜ் குத்தகை எல்லாமே பெரும்பாலும் வாய்ப்பேச்சில்தான் நடக்கின்றன. தகராறு என்று வந்ததும் கட்சிக்காரர் வக்கீலான என்னிடம் போனை நீட்டி, "ஒத்துக்கிட்டுப் பேசியிருக்கார் சார், கேளுங்க" என்பார். கேட்பதற்கு முன் நான் விசாரிப்பது, எந்த போனில் பதிவானது என்பதைத்தான்.

இலை ஏஜென்டிடம் பணம் நின்றுபோன ஒரு சிறு விவசாயி பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு வந்தார். மருமகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி மட்டும் மிச்சம். பேச்சு பதிவான அதே போனை அதன் சொந்தக்காரரே கூண்டில் ஏறிக் காட்டினால், மின்னணுப் பதிவுக்கான தனிச் சான்றிதழ் வேண்டாம். பிரதி என்றால் கட்டாயம் வேண்டும் என்று 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. முன்பு, பழைய சாட்சியச் சட்டத்தின் பிரிவை வைத்து, 65பி சான்றிதழ் என்போம். 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63-ஆவது பிரிவு. இப்போது படிவம் இரண்டு பகுதி: ஒன்றில் கருவியை வைத்திருப்பவர், மற்றதில் நிபுணர் கையெழுத்திட வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பையும், அதாவது கோப்புக்குக் கைரேகை போன்ற ஒரு குறியீட்டையும், எழுத வேண்டும். பதிவில் ஒரு விநாடியை வெட்டினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். மருமகன் சான்று கொடுத்தாலும், தன் போனுக்கு வந்து சேர்ந்ததற்குத்தான் கொடுக்க முடியும். அதற்கு முன் யாரும் கைவைக்கவில்லை என்று அவர் எப்படிச் சொல்வார்? கடைசியில் எடைச் சீட்டுகளையும் வங்கி வரவுகளையும் வைத்தே வழக்கை நடத்தினோம்.

சொல்லாமல் பதிவு செய்யலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நீங்கள் பேசிய பேச்சை நீங்களே பதிவு செய்ததற்காக மட்டும் நீதிமன்றம் ஒதுக்கிவிடாது. கணவன் மனைவி பேச்சைக்கூட விவாகரத்து வழக்கில் ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்தவர்கள் இருவர் பேசுவதை ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்வது வேறு கதை. அது உங்களையே சிக்கலில் மாட்டிவிடும்.

ஏற்பது வேறு, நம்புவது வேறு. குரல் யாருடையது என்று அடையாளம் காட்ட வேண்டும், பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும். நம் மலையில் சிக்னல் விட்டுவிட்டு வருவதில் தொகை சொன்ன இடமே விழுங்கப்பட்டிருக்கும். படுகு மொழியில் பேசியிருந்தால் அதை அப்படியே எழுதி, தமிழாக்கமும் சேர்த்துத் தர வேண்டும். "அதைத் தந்துடறேன்" என்று மட்டும் இருந்தால் எதை, எவ்வளவு என்று குறுக்கு விசாரணையில் பிய்த்துவிடுவார்கள். பேசும்போதே பெயர், தொகை, எந்த மாதத்து இலை என்று சொல்லிக் கேளுங்கள்.

மின்னஞ்சலுக்கும் இதே சான்றிதழ்தான். பிரிண்ட் எடுத்ததும் அஞ்சலை அழித்துவிடாதீர்கள். ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்' வழியாக முழு வடிவத்தையும் இறக்கி வையுங்கள். எந்த சர்வர் வழியாக, எப்போது வந்தது என்பது அதில்தான் இருக்கிறது.

ரெக்கார்டிங்கை நம்பி வழக்குப் போடாமல் இருப்பவர்களுக்கு இன்னொன்று. பணம் வசூலிக்கக் கெடு பொதுவாக 3 ஆண்டுகள். கடனை ஒப்புக்கொண்டால் கெடு புதிதாகத் தொடங்கும். ஆனால் காலவரைச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு கேட்பது எழுத்தில், கையெழுத்தோடு, கெடு முடிவதற்குள் தந்த ஒப்புதலை. போனில் எத்தனை முறை "தர்றேன்" என்றாலும் அந்தக் கணக்கில் சேராது. மின்னஞ்சலில் ஒப்புக்கொண்டதை ஏற்ற உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் உண்டு. அதனால் போனை வைத்த கையோடு, பேசிய தொகையைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பதில் வாங்கிவிடுங்கள்.