கலப்பின மாளிகையா, இருமரபு மாளிகையா?

ஜப்பானியப் பாணியும் மேலைப்பாணியும் சேர்ந்த ஜப்பானின் பழைய மாளிகைகளைப் பற்றித் தமிழில் எழுதுவோர் ‘கலப்பின மாளிகை’ என்று எழுதித் தள்ளுகிறார்கள். மூலச் சொல் ‘வயோ செச்சூ’. ‘வா’ ஜப்பான், ‘யோ’ கடல், அதாவது கடலுக்கு அப்பாலுள்ள மேலைநாடு, ‘செச்சூ’ என்பது இரு பக்கத்தையும் சீர்தூக்கிப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுதல். இதில் ‘இனம்’ எங்கே வந்தது?

கலப்பினம் மாட்டுக்கும் நெல்லுக்கும் உரிய சொல். ஜெர்சிக் கலப்புப் பசுவில் எது தாய்வழி, எது தந்தைவழி என்று பிரித்துக் காட்ட முடியாது. மாளிகையில் கோடு போட்டே காட்டலாம். டோக்கியோவில் உவேனோவுக்கு அருகிலுள்ள இவாசாகி மாளிகையை எடுத்துக்கொள்ளுங்கள். 1896இல் ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர் ஜொசையா காண்டர் வடிவமைத்த மேலைப்பாணி மரவீடு விருந்தினருக்கு. அதை ஒட்டிய ஜப்பானிய வீடு குடும்பத்துக்கு. அதே காண்டர் 1917இல் கட்டிய ஃபுருகாவா மாளிகையில் கோடு ஒரே கூரையின் கீழேயே ஓடுகிறது. வெளியே கல் போர்த்திய செங்கல் சுவர், கீழ்த்தளத்தில் மேலைப்பாணிக் கூடங்கள், மேல்தளத்தில் ததாமி எனும் தடித்த தரைப்பாய் விரித்த ஜப்பானிய அறைகள். நடைப்பக்கம் பார்த்தால் மரக்கதவு. அதைத் திறந்து உள்ளே போனால் தாள் ஒட்டிய தள்ளுகதவு. ததாமியின் மேற்பரப்பு கோரைப்பாய். நாற்காலிக் கால் பட்டால் குழி விழும், செருப்போடு மிதிக்கவே கூடாது. தரை மாறும் இடத்தில் உட்காரும் முறையும் மாறுகிறது.

‘கலவை’ என்பாரும் உண்டு. கட்டடப் பேச்சில் கலவை என்றால் கொத்தனார் சிமென்ட்டும் மணலுமாக வந்து நிற்பார்! ‘இணைவுக் கட்டடக்கலை’யோ ‘ஃபியூஷன்’ உணவக விலைப்பட்டியலிலிருந்து தப்பி வந்தது போலிருக்கிறது. அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டிவிட்டு, கட்டடத்தின் படத்தைக்கூடப் பார்க்காத மொழிபெயர்ப்பின் விளைவு இது.

‘இருமரபு மாளிகை’ என்பதே போதும். ‘ஈர்மரபு’ வேண்டாம், உயிரெழுத்துக்கு முன்தான் ‘ஈர்’ வரும் (ஈராயிரம், ஈருருளி), மெய்க்கு முன் ‘இரு’தான். தேர்ந்தெடுத்துப் பொருத்தியதை அழுத்திச் சொல்ல வேண்டுமானால் ‘இருமரபு இசைவு’ எனலாம்.

இன்னொரு குழப்பம் ‘கியோஃபூ’. ஜப்பானியத் தச்சர்கள் மேலைக் கட்டடங்களைப் பார்த்துத் தம் கைத்திறனில் எழுப்பிய பாணி இது. எடுத்துக்காட்டு, மாட்சுமோட்டோ நகரின் கைச்சி பள்ளி, 1876. மூலைக்கற்கள் போலத் தெரிபவை சுண்ணச்சாந்துப் பூச்சு. முகப்பில் தேவதைகளும் உண்டு, டிராகனும் உண்டு. இதைப் ‘போலி’ என்பது அந்தத் தச்சர்களுக்கு இழுக்கு. ‘மேலைச்சாயல்’ சரியாக இருக்கும். ‘கலப்பினப் பள்ளி’ என்று எழுதினால் கால்நடை மருத்துவர்தான் முதலில் ஓடிவருவார்.