பவேரியாவில் காளான் பறிக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

ஜெர்மனியின் 16 மாநிலங்களில் பரப்பளவில் மிகப் பெரியது தென்கிழக்கே உள்ள பவேரியா. அதன் தலைநகர் மியூனிக். அம்மாநிலத்தின் அரசியலமைப்புச் சட்டத்தில் 141ஆம் பிரிவு, காட்டிலும் மலை மேய்ச்சல் நிலத்திலும் நடக்கவும், நீர்நிலைகளில் படகு செலுத்தவும், தானாக விளையும் காட்டுப் பழங்களையும் காளான்களையும் அந்தந்த ஊர் வழக்கப்படியான அளவில் பறித்துக்கொள்ளவும் எல்லோருக்கும் உரிமை தருகிறது. எல்லோரும் என்றால் குழந்தைகளும் சேர்த்தி, வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் சேர்த்தி. பவேரியக் காடுகளில் பாதிக்கும் மேற்பட்டவை தனியாருடையவை; அவற்றிலும் இந்த உரிமை செல்லும். ஆகவே காளான் பறிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இந்த நிலை எப்போதும் இருந்ததன்று. 1180 முதல் 1918 வரை, எழுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக, பவேரியாவை விட்டல்ஸ்பாக் என்னும் ஒரே குடும்பம் ஆண்டது. தொடக்கத்தில் கோமகன்களாக இருந்த அவர்கள் 1806இல் அரசர்களானார்கள். குடியானவனின் சொந்த வயலிலேயே பிரபுக்கள் வேட்டையாடலாம் என்ற முறை 1848ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பிறகே ஒழிந்தது. முதல் உலகப் போரின் முடிவில், 1918 நவம்பரில், கடைசி அரசரான மூன்றாம் லுட்விக் மியூனிக்கை விட்டு வெளியேற, கூர்ட் ஐஸ்னர் பவேரியாவைக் குடியரசாக அறிவித்தார். அந்தக் குடியரசும் நிலைக்கவில்லை. 1933இல் ஆட்சியைப் பிடித்த நாஜிகள் மாநிலங்களின் அதிகாரத்தைப் பறித்து, மறு ஆண்டே மாநிலச் சட்டமன்றங்களைக் கலைத்துவிட்டார்கள்.

நாஜிகளிடமிருந்து தப்பிச் சென்றவர்களுள் ஒருவர் வில்ஹெல்ம் ஹோக்னர் என்ற வழக்கறிஞர். அவர் சுவிட்சர்லாந்தில் அடைக்கலம் புகுந்து, இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஊர் திரும்பி, 1945இல் பவேரியாவின் முதலமைச்சரானார். புதிய அரசியலமைப்புச் சட்டத்தை உருவாக்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. காட்டில் நடக்கும் உரிமை அதில் இடம்பெற்றதும் அவரது முயற்சியாலேயே. குண்டுவீச்சில் நகரங்கள் இடிந்து, உணவு பங்கீட்டில் கிடைத்த அந்த நாளில் ஒரு கூடைப் பழமும் காளானும் பொழுதுபோக்குக்காகப் பறிப்பவை அல்ல என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 1946 டிசம்பர் 1 அன்று மக்கள் வாக்களித்து ஏற்ற அச்சட்டம், ஜெர்மனிக் கூட்டாட்சியின் 1949ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டத்தைவிட மூத்தது.

பவேரியாவுக்கான சட்டங்களை இயற்றுவது மியூனிக்கில் மாக்ஸிமிலியானியம் என்ற கட்டடத்தில் கூடும் சட்டமன்றம். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்கள் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது முதலமைச்சரைத் தேர்ந்தெடுக்கிறது. ஆனால் அரசியலமைப்புச் சட்டத்தில் ஓர் எழுத்தை மாற்றவும் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்களின் ஆதரவு வேண்டும். அதன் பின் மக்களும் வாக்களித்து ஏற்க வேண்டும். எனவே காட்டில் நடக்கும் உரிமையை ஓர் அரசு தன் விருப்பப்படி நீக்கிவிட முடியாது.

உரிமையோடு கடமையும் எழுதப்பட்டிருக்கிறது: இயற்கையைப் பேணி நடந்துகொள்ள வேண்டும் என்ற வரி 1984இல் சேர்க்கப்பட்டது. விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையே வயலுக்குள் இறங்கக் கூடாது. அப்போது அங்குள்ள பாதையில்தான் செல்ல வேண்டும். காட்டில் மிதிவண்டி ஓட்டுவதற்கும் ஏற்ற பாதை வேண்டும். காளானைச் சொந்த உபயோகத்துக்குச் சிறிய அளவில் பறிக்கலாம். விற்பதற்காகப் பறிக்க அனுமதி பெற வேண்டும். எடெல்வைஸ் போன்ற பாதுகாக்கப்பட்ட மலர்களைத் தொடவே கூடாது. வேட்டையும் மீன்பிடிப்பும் இந்த உரிமைக்குள் வருவதில்லை. நச்சுக் காளானைச் சட்டம் அடையாளம் காட்டாது என்பதால், நன்கு அறிந்த பெரியவர் பார்த்துச் சொல்லாமல் எதையும் உண்ணக் கூடாது.

நில உரிமையாளர் தக்க காரணமின்றி வேலி போட்டு வழியை மறித்தால், மாவட்ட நிர்வாக அலுவலகத்தில் முறையிடலாம். தடையை அகற்ற ஆணையிடும் அதிகாரம் அதற்கு உண்டு. மலை, ஏரி, ஆறு ஆகியவற்றுக்குச் செல்லும் வழியைத் திறந்து வைப்பதும், தேவைப்பட்டால் அதற்காகச் சொத்துரிமையைக் கட்டுப்படுத்துவதும் மாநிலத்துக்கும் ஊராட்சிகளுக்கும் அரசியலமைப்புச் சட்டமே விதித்த கடமையாகும். ஒரு சட்டமே இந்த உரிமையைக் குறைப்பதாகத் தோன்றினால், தான் நேரடியாகப் பாதிக்கப்படாதவரும் பவேரிய அரசியலமைப்பு நீதிமன்றத்தில் அதை எதிர்த்து வழக்குத் தொடரலாம்.