பார்வை நரம்புக்கு ஆற்றல் குறையும்போது

காசநோய்க்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவர்கள், எழுத்து மங்குகிறது, கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று எங்களிடம் வருவதுண்டு. அவர்களில் சிலருக்குக் கண்ணாடியை மாற்றியும் பயன் இருப்பதில்லை. ஏனெனில் கோளாறு பார்வை நரம்பின் மைட்டோகாண்ட்ரியாவில், அதாவது செல்லுக்குள் ஆற்றலை உருவாக்கும் நுண்ணுறுப்புகளில், இருக்கிறது.

உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. சமிக்ஞை கடந்துபோகும்போது நரம்பிழைக்குள் புகும் சோடியத்தை மீண்டும் வெளியேற்றுவதற்கே அதில் பெருமளவு செலவாகிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவின் துணையின்றிக் கிடைப்பவை 2 ஏடிபி (செல் செலவிடும் ஆற்றலைச் சுமக்கும் மூலக்கூறு). துணையுடன் சுமார் 30. நரம்பு செல்லிடம் சொல்லும்படியான சேமிப்பும் கிடையாது.

பார்வை நரம்பின் நிலை இன்னும் நெருக்கடியானது. அதன் இழைகள், ஒளி தடையின்றிச் செல்வதற்காக, விழிக்குள் இருக்கும் பகுதியில் மயலின் எனும் கொழுப்பு உறையின்றி ஓடுகின்றன. உறை இல்லாத இடத்தில் சமிக்ஞை தாவிச் செல்ல முடியாது என்பதால் செலவு கூடி, அங்கே மைட்டோகாண்ட்ரியா அடர்ந்து குவிந்திருக்கின்றன. மையப் பார்வைக்குரிய இழைகளோ மிக மெல்லியவை. ஆகவேதான் ஆற்றல் குறைந்தால் வலி ஏதுமின்றி நடுப்பார்வையும் சிவப்பு நிறமும் முதலில் மங்குகின்றன. தாய்வழி வரும் லெபர் பார்வை நரம்பு நோயிலும், மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்திலிருந்து உடலில் உருவாகும் ஃபார்மிக் அமிலத்தாலும் தாக்கப்படுவது பார்வை நரம்பின் மைட்டோகாண்ட்ரியாதான்.

காசநோய் மருந்தான எத்தாம்புடால், மைட்டோகாண்ட்ரியாவின் நொதிகளுக்குத் தேவையான தாமிரத்தைப் பிணைத்துவிடுகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். மருந்தை எதிர்க்கும் காசநோய்க்குத் தரப்படும் லினிசோலிட், பாக்டீரியாவில் புரதத்தை உருவாக்கும் ரைபோசோமை முடக்கும் மருந்து. மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோமும் அதே அமைப்பைப் பெரிதும் ஒத்திருப்பதால் அதுவும் சேர்ந்து பாதிக்கப்படுகிறது. இரண்டும் உயிர்காக்கும் மருந்துகள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எத்தாம்புடால் பெரும்பாலும் சிறுநீரகம் வழியே வெளியேறுவது; சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதைத் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் கூறிவிட வேண்டும்.

சிகிச்சை தொடங்கும்போதும் பின்னர் மாதந்தோறும் பார்வையையும் நிற உணர்வையும் சோதித்துக்கொள்வது நல்லது. வீட்டிலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றதால் நாளிதழைப் படித்துப் பார்க்கலாம். மாற்றம் தெரிந்தால் மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் அன்றே மருத்துவரை அணுகுங்கள். மாற்று மருந்தை அவர் முடிவு செய்வார். லினிசோலிட் எடுப்பவர்கள் பாதத்தில் எரிச்சலோ மரத்துப்போதலோ இருந்தால் அதையும் சொல்ல வேண்டும்: மருந்தை நிறுத்தியபின் பார்வை பெரும்பாலும் தேறிவிடுகிறது, கால் நரம்புகளின் பாதிப்போ பலருக்கு நீடிக்கிறது.