ஜமக்காளம்: சொல்லும் பொருளும்

ஜமக்காளம், பெயர்ச்சொல். பேச்சில் ஜமுக்காளம். கிரந்த எழுத்தைத் தவிர்ப்பவர்கள் சமக்காளம் என்று எழுதுவார்கள். தடித்த பருத்தி நூலில், பட்டை பட்டையாக நிறம் கொடுத்து நெய்த தரைவிரிப்பு என்பது பொருள். கல்யாண வீட்டுக் கூடத்திலும் கச்சேரி மேடையிலும் ஊர்ப் பஞ்சாயத்திலும் விரித்த அதே பொருள்தான், இன்று வீட்டு அலங்காரக் கடைகளில் ‘ஏரியா ரக்’ என்ற பெயரில் சோபாவுக்கு முன்னால் கிடக்கிறது.

சொல் வந்த வழி: உருதுவின் ‘ஜம்கானா’ என்று அகராதிகள் காட்டும். அது நம்மிடம் மட்டும் தங்கிவிடவில்லை. மராத்தியில் ஜம்கானா, கன்னடத்தில் ஜமகானா, தெலுங்கில் ஜம்புகானா. கர்நாடகத்தின் நவல்குந்தில் பெண்கள் நெய்யும் விரிப்புக்கும் இதுவே பெயர். தமிழுக்கு வந்தபோது ‘கானா’ என்ற முடிவு ‘காளம்’ ஆகி, நம் ‘அம்’ ஈற்றுச் சொற்களோடு ஒட்டிக்கொண்டது.

தமிழ்நாட்டில் ஜமக்காளம் என்றால் பவானி. காவிரியும் பவானியும் கூடும் அந்த ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இந்த நெசவு வேரூன்றியது. சீமை மில் துணிகளோடு போட்டியிட முடியாத நெசவாளர்கள், தடித்த நூலில் நெய்யும் இந்த விரிப்புக்குத் திரும்பினார்கள். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி கைத்தறிக்கென ஒதுக்கிய பொருள்களின் பட்டியலில் ‘ஜமக்காளம்’ என்ற பெயரே இருக்கிறது. கம்பளி அதில் தனி இனம். ஜமக்காளமும் கம்பளமும் வேறு வேறு என்பதை நெசவு அறிந்தவர்கள் என்றும் குழப்பிக்கொண்டதில்லை. குழப்பம் விளம்பரங்களில்தான்.

கம்பளம் வடமொழிச் சொல். ஆட்டு மயிரில் செய்தது என்பதே அதன் அடிப்படைப் பொருள். கம்பளி அதன் உறவு. பாவு நூலில், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலில், முடிச்சு முடிச்சாகப் போட்டு, நுனியைக் கத்தரித்து, கால் புதையும் மெத்தென்ற பரப்பை உண்டாக்கினால் அது கம்பளம். இரத்தினக் கம்பளம் என்று பழையவர்கள் சொன்னது பல நிற வேலைப்பாடுள்ள கம்பளத்தை. ஜமக்காளத்தில் முடிச்சும் இல்லை, மயிரும் இல்லை. குறுக்கே ஓடும் ஊடை நூல் நெருக்கமாக அமுங்கிப் பாவு நூலை முழுக்க மூடிவிடும்; பட்டை நிறங்கள் எல்லாம் ஊடையிலிருந்து வருபவை. ஆகவே பருத்தி விரிப்பைக் ‘காட்டன் கம்பளம்’ என்று விற்பதை என்னால் ஒப்ப முடியவில்லை.

இந்த வேறுபாடு வீட்டிலும் உதவும். நம் வெயிலுக்கும் புழுதிக்கும் மயிர்க் கம்பளம் பெரும் வேலை வைக்கும். தூசி அடியில் போய் உட்கார்ந்துவிடும். பட்டை ஜமக்காளத்தை வாசலில் கொண்டுபோய் உதறலாம். இரு புறமும் ஒன்றுபோல் இருப்பதால் திருப்பியும் போடலாம். கூடத்தில் விரிப்பதானால் சோபாவின் முன்கால்களாவது அதன்மேல் நிற்கும் அளவு வேண்டும். இல்லையென்றால் நடுத்தரையில் தனியே மிதப்பதுபோல் தெரியும். சாப்பாட்டு மேசைக்கு அடியில் என்றால், பின்னால் இழுத்த நாற்காலியும் விரிப்பிலேயே நிற்க நான்கு பக்கமும் 2 அடி மிச்சம் விடுங்கள். டைல்ஸ் தரையில் வழுக்கும், அதனால் அடியில் ரப்பர் வலை அவசியம். முதியவர்கள் இருக்கும் வீட்டில் இதை விட்டுவிடவே கூடாது.

சரியான தமிழ்ச் சொல்? பொதுப்பெயராக ‘தரைவிரிப்பு’ போதும். ‘ஏரியா ரக்’கைப் ‘பகுதி விரிப்பு’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது வீண். விரிப்பு என்றாலே வேண்டும்போது விரித்து, வேண்டாதபோது மடித்து வைப்பது. அறை முழுவதையும் அடைக்காது என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஒருவர் உட்காரும் சிறு விரிப்புக்குத் ‘தடுக்கு’ என்ற நல்ல சொல் உண்டு. ‘அவன் தடுக்கில் பாய்ந்தால் இவன் கோலத்தில் பாய்வான்’ என்ற பழமொழியில் வருவது அதுதான். ஓலையில் முடைந்ததைக் குறித்த அந்தப் பெயரைப் பூசை அறையிலும் ஊஞ்சல் பலகையிலும் போடும் சிறு துணி விரிப்புக்கும் தாராளமாக நீட்டலாம். வாசலில் கிடப்பது கால்மிதி. கோரையில் நெய்தது பாய்.

பருத்திப் பட்டை விரிப்புக்கு மட்டும் ஜமக்காளம் என்ற பெயரையே வைத்துக்கொள்வோம். வந்த சொல்தான், ஆனாலும் நெசவாளர் வாயிலும் சந்தையிலும் தலைமுறைகளாகப் புழங்கி, இன்ன நூல், இன்ன நெசவு என்று துல்லியமாகச் சொல்கிறது. ‘பருத்தித் தரைவிரிப்பு’ என்று மாற்றினால் அந்தத் துல்லியம் போய்விடும். சுவருக்குச் சுவர் பசை போட்டு ஒட்டும் கார்பெட்டுக்குத்தான் இன்னும் ஒரு பெயர் தேவைப்படுகிறது. அதை யாரும் விரிப்பதும் இல்லை, மடிப்பதும் இல்லை. விரிப்பு என்றால் பொருந்தாது. நான் ‘ஒட்டுக் கம்பளம்’ என்று எழுதுகிறேன்.