காருக்குப் பொருள் பூட்டும் முன் வாகனப் புத்தகத்தைப் பாருங்கள்: மாற்றங்களுக்கான விதிகள்

கார் வைத்திருப்பவர் அதில் மேலதிகமாக ஒரு பொருளைப் பூட்டுவதை இலங்கைச் சட்டம் பொதுவாகத் தடை செய்யவில்லை. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தையும் அதன் கீழான ஒழுங்குவிதிகளையும் வைத்துப் பார்த்தால், நாம் எம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இரண்டு. பூட்டப்போகும் பொருள் பதிவுச் சான்றிதழில் எழுதியுள்ள விபரம் எதையாவது மாற்றுகிறதா? வீதியில் செல்லும் மற்றவரின் கண்ணையோ காதையோ மூச்சையோ அது பாதிக்கிறதா? இரண்டுக்கும் இல்லை என்று விடை வந்தால் பெரும்பாலும் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இதை இப்போது விளக்க வேண்டியிருப்பதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளிலும் புதிய கார் வாங்க முடியாத குடும்பங்கள் தம்மிடம் இருந்த அல்டோ, வகன் ஆர் போன்ற சிறிய கார்களைத் திருத்தியும் மெருகூட்டியும் வைத்திருந்தன. திறந்த பின்னரும் விலை பலருக்கு எட்டாத உயரத்திலேயே நிற்பதால், உள்ள காரையே குறைந்த செலவில் வசதியாக்கிக்கொள்ளும் வழக்கம் தொடர்கிறது. இதற்கிடையில், 2025 ஜனவரியில் அரசின் ‘கிளீன் சிறீலங்கா’ வேலைத்திட்டம் தொடங்கிய நாட்களில் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் பூட்டியிருந்த மேலதிகப் பொருட்களைப் பொலிசார் கழற்றச் செய்த செய்தி பரவியது. கம்பனியிலிருந்து வந்தபோது இல்லாத எதுவுமே காரில் இருக்கக் கூடாது என்று சிலர் அதைப் புரிந்துகொண்டார்கள். அது சரியான விளக்கம் அல்ல.

நாம் வாகனப் புத்தகம் என்று சொல்லும் பதிவுச் சான்றிதழை முதலில் எடுத்துப் பாருங்கள். வாகன இலக்கம், செசி இலக்கம், எஞ்சின் இலக்கம், எஞ்சின் கொள்ளளவு, எரிபொருள் வகை, நிறம், உடலமைப்பு, ஆசன எண்ணிக்கை, வெற்று நிறை, ரயர் அளவு போன்ற விபரங்கள் அதில் இருக்கும். இவற்றுள் ஒன்றை மாற்றுகின்ற எந்த வேலையும் வெறும் அலங்கார வேலை அல்ல. அது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்து, பரிசோதனைக்கு உட்பட்டு, புத்தகத்தில் பதியப்பட வேண்டிய மாற்றமாகும். வெள்ளைக் காரைக் கறுப்பாகப் பெயின்ற் அடிப்பதும், முழுக் காரையும் வேறு நிற ஸ்ரிக்கரால் மூடுவதும், வான் வாகனத்தில் ஒரு வரிசை ஆசனத்தைக் கூட்டுவதும் குறைப்பதும், பெற்றோல் காரை எரிவாயுவுக்கு மாற்றுவதும் இந்த வகைக்குள் வருகின்றன.

எஞ்சின் மாற்றத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எமது யாழ்ப்பாண மாவட்டத்தில் அது பழைய கதை. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற கார்கள் எழுபது ஆண்டுகளாக இங்கே ஓடுகின்றன. போரினால் எரிபொருள் தடை இருந்த 1990களில் சிறிதளவு பெற்றோலில் இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டி, நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்ற வாகனங்கள் அவை. அவற்றைக் காப்பாற்றிய மெக்கானிக்குகளின் திறமையைப் பற்றி எவருக்கும் இரண்டாம் கருத்து இருக்க முடியாது. ஆனால் உதிரிப்பாகம் கிடைக்காமல் ஜப்பானிய எஞ்சின் ஒன்றை ஏற்றிய பின்னர் அதனைப் புத்தகத்தில் பதியாமல் விட்டிருந்தால், அந்தக் கார் சட்டத்தின் பார்வையில் விபரம் பொருந்தாத காராகவே நிற்கும். ஓட்டும் வரை அது தெரியாமல் இருக்கலாம். விற்கும்போதும், விபத்தின் பின் பரிசோதகர் எஞ்சின் இலக்கத்தைப் பார்க்கும்போதும், உரிமையாளர் இறந்து பிள்ளைகளின் பெயருக்கு மாற்றும்போதும் பிரச்சினை வெளியே வரும். அப்போது எஞ்சினை வாங்கிய பற்றுச்சீட்டும் அது இறக்குமதியானதற்கான சுங்க ஆவணமும் தேவைப்படும். கொழும்பு பஞ்சிகாவத்தையிலோ இங்குள்ள கடையொன்றிலோ பாவித்த எஞ்சின் வாங்குபவர்கள் அந்தக் கடதாசிகளைக் கையில் பெறாமல் பணத்தைக் கொடுக்கக் கூடாது.

நடைமுறை கடினமானதல்ல, ஆனால் ஒழுங்கு முக்கியம். வேலையைத் தொடங்கும் முன்னரே யாழ்ப்பாணம் கச்சேரியில் உள்ள மாவட்ட மோட்டார் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, செய்யப்போகும் மாற்றம் அனுமதிக்கத்தக்கதா, என்ன படிவம், எவ்வளவு கட்டணம் என்பவற்றை அறிந்துகொள்ள வேண்டும். கட்டணங்கள் காலத்துக்குக் காலம் மாறுவதால் நண்பர் சொன்ன தொகையை நம்பிப் போக வேண்டாம். வேலை முடிந்ததும் வாகனத்தை மோட்டார் வாகனப் பரிசோதகரிடம் காட்டி அறிக்கை பெற்று, மூலப் புத்தகம், அடையாள அட்டை, பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றுடன் விண்ணப்பிக்க வேண்டும். காரை லீசிங்கில் எடுத்திருந்தால் புத்தகத்தில் முற்றுரிமையாளராக இருப்பது லீசிங் நிறுவனமே. ஓட்டுபவர் பதிவு உரிமையாளர் மட்டுமே என்பதால், நிறுவனத்தின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் மாற்றத்தைப் பதிய முடியாது. மாதக் கட்டணத்தை ஒழுங்காகக் கட்டுகிற பலர் இதை அறியாமல் வேலையை முடித்துவிட்டு, பின்னர் சம்மதக் கடிதத்துக்காக அலைகிறார்கள்.

இனி, புத்தகத்தைத் தொடாத ஆனால் மற்றவரைத் தொடும் மாற்றங்களுக்கு வருவோம். இவற்றுள் மிகவும் ஆபத்தானது வெளிச்சம் என்பதே என் எண்ணம். சாதாரண கார்களில் உள்ள எச்4 ஹலஜன் பல்ப் 60/55 வாற் அளவுடையது. அதன் பின்னால் உள்ள, ஒளியைத் தெறிக்கச் செய்யும் கிண்ணம், பல்பின் இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டே செய்யப்பட்டது. அதே கிண்ணத்துள் மலிவான எல்ஈடி பல்ப் ஒன்றைச் செருகினால் ஒளி தோன்றும் இடம் மாறி, வெளிச்சம் வீதியில் விழாமல் எதிரே வருபவரின் கண்ணில் விழுகிறது. ஓட்டுபவருக்குக் கிட்டிய தரை பளிச்சென்று தெரிவதால் நன்றாக இருப்பதாகத் தோன்றும், தூரம் தெரியாது. ஆனையிறவிலிருந்து கண்டி வீதியில் இரவு வரும்போதும், தெரு விளக்கில்லாத உள்ளூர் வீதிகளிலும், எதிரே சைக்கிளில் வரும் ஒருவர் சில நொடிகள் பார்வையில்லாமல் போகிறார். எமது வீதிகளில் வெளிச்சமில்லாமல் சைக்கிளில் செல்வோர் எத்தனை பேர் என்பதை நாம் அறிவோம். சட்டம் முன்பக்கம் வெள்ளை அல்லது மஞ்சள் ஒளியையும் பின்பக்கம் சிவப்பு ஒளியையும் எதிர்பார்க்கிறது. முன்னால் சிவப்பு, நீலம் மின்னும் விளக்குகளுக்குத் தனியார் காரில் இடமில்லை.

முழு ஹெட்லைற்றையும் மாற்ற நினைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாம் வீதியின் இடப்பக்கம் ஓட்டுகிறோம். ஆகவே தாழ்ந்த ஒளி எதிரே வருபவரைத் தவிர்த்து இடப்பக்க ஓரத்தை நோக்கிச் சற்று உயர வேண்டும். ஜப்பானும் இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால் அங்கிருந்து வரும் பாவித்த லைற் எமக்குப் பொருந்தும். வலப்பக்கம் ஓட்டும் ஐரோப்பிய, வளைகுடா நாடுகளுக்காகச் செய்யப்பட்டது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எதிரே வருபவரின் முகத்துக்கே ஒளியை அனுப்பும். பல்ப் வாற் அளவைக் கூட்டுவதும் வேண்டாம். 12 வோல்ட் வயரிங்கில் 55 வாற் பல்ப் ஒன்று ஏறத்தாழ நாலரை அம்பியர் இழுக்கும். 100 வாற் பல்ப் எட்டுக்கு மேல் இழுக்கும். பழைய காரின் சுவிச்சும் ஹோல்டரும் அந்தச் சூட்டைத் தாங்காமல் உருகுகின்றன. உள்ள லைற் மங்கலாக இருந்தால் மங்கிய கண்ணாடியை மினுக்கி, எர்த் இணைப்பைச் சுத்தம் செய்து, சுவிச்சில் சுமை ஏறாமல் மின்சாரத்தை லைற்றுக்கு விடும் ரிலே ஒன்று போட்டு, உயரத்தைச் சரிபார்த்தாலே பெரும்பாலும் போதும். செலவும் குறைவு.

சத்தத்துக்கும் புகைக்கும் விதி தெளிவானது. சைலன்சரைத் துளைத்தோ மாற்றியோ சத்தத்தைக் கூட்டுவது குற்றமாகும். ஹோர்ண் ஒலிக்கு 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2011இல் தனி ஒழுங்குவிதி வந்தது. சைலன்சருக்கு முன்னால் உள்ள, புகையின் நச்சு வாயுக்களைக் குறைக்கும் கற்றலிற்றிக் கொன்வேற்றரை நல்ல விலைக்கு விற்றுவிட்டு வெற்றுக் குழாயைப் பூட்டுபவர்கள் அடுத்த புகைப் பரிசோதனையில் சிக்குவார்கள். பெற்றோல் காரில் காபன் மொனொக்சைட்டும் எரியாத ஐதரோகாபன்களும் அளக்கப்படுகின்றன. டீசலில் புகையின் அடர்த்தி அளக்கப்படுகிறது. அந்தச் சான்றிதழும் காப்புறுதியும் இல்லாமல் பிரதேச செயலகத்தில் அந்த ஆண்டுக்கான வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது.

முன் கண்ணாடியிலும் முன் கதவுக் கண்ணாடிகளிலும் கறுப்புத் தாள் ஒட்ட வேண்டாம் என்பது என் ஆலோசனை. எமது வெயில் கடுமையானதுதான். அதற்கு நிறுத்தும்போது விரித்து, ஓடும்போது மடித்து வைக்கும் மறைப்பு போதும். இலக்கத் தகட்டில் எழுத்து வடிவத்தை மாற்றுவதும், அதன்மேல் நிறக் கண்ணாடி பூட்டுவதும் கூடாது.

ரயர் விடயத்தில் சிறிய கணக்கொன்று தெரிந்தால் போதும். சில்லு பெரிதாகலாம், ஆனால் ரயரோடு சேர்த்த முழு விட்டம் மாறக் கூடாது. மூன்று சதவீதத்துக்குள் நிற்பது நல்லது. ரயரில் எழுதியுள்ள இலக்கங்களில் முதலாவது அகலம் (மில்லிமீற்றரில்), இரண்டாவது பக்க உயரம் (அகலத்தின் சதவீதத்தில்), கடைசி சில்லின் விட்டம் (அங்குலத்தில்). அல்டோ 800இன் 145/80 ஆர் 12 ரயரின் விட்டம் ஏறத்தாழ 537 மில்லிமீற்றர். அதற்குப் பதில் 155/65 ஆர் 13 பூட்டினால் 532 வரும், வேறுபாடு ஒரு சதவீதம்தான். வகன் ஆரின் 155/65 ஆர் 14க்கும் 165/55 ஆர் 15க்கும் இடையிலும் அதேயளவு வேறுபாடே உண்டு. இந்த எல்லையைத் தாண்டினால் வேகமானி பொய் சொல்லத் தொடங்கும், திருப்பும்போது ரயர் மட்காட்டில் உரசும். விட்டம் பொருந்தினாலும் புத்தகத்தில் உள்ள ரயர் அளவு மாறுகிறது என்பதால், பூட்டும் முன் பரிசோதகரிடம் கேட்டுவிடுங்கள்.

தயக்கமின்றிச் செய்யக்கூடியவையும் பல. பின்பக்கக் கமரா, பார்க்கிங் சென்சர், வீதியைப் பதியும் டாஷ் கமரா, குழந்தை ஆசனம், மழைத் தடுப்பு வைசர் ஆகியன எந்த விபரத்தையும் மாற்றுவதில்லை. குறுகிய ஒழுங்கைகளும் மதில்களும் நிறைந்த எமது ஊரில் பின்பக்கக் கமரா அலங்காரமல்ல, முற்றத்தில் விளையாடும் பிள்ளையின் உயிர்க்காப்பு. காசு ஒன்றுக்கு மட்டுமே உண்டென்றால் அதற்கே செலவிடுங்கள். குடாநாட்டில் கடற்காற்று எட்டாத இடம் இல்லை என்பதால் அடிப்பகுதிக்குத் துருத் தடுப்புப் பூச்சு அடிப்பதும் வீணாகாது. சீற் கவர் வாங்கும்போது ஆசனத்தின் பக்கத்தில் எயார்பாக் அடையாளம் உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கம் திறந்த கவரே வேண்டும். கால் வைக்கும் இடத்து மற் (விரிப்பு) ஒன்றின் மேல் இன்னொன்றைப் போடாதீர்கள், அது நகர்ந்து அக்சிலேற்றரை அழுத்திப் பிடிக்கலாம். முன்னால் இரும்புக் கம்பி பூட்ட வேண்டாம், அது மோதும்போது நசுங்கி அதிர்ச்சியை வாங்க வேண்டிய பகுதியை நசுங்க விடாமல் செய்கிறது.

எதைப் பூட்டினாலும் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்து, அறிவித்ததற்கான பிரதியை வைத்திருங்கள். அறிவிக்காத மாற்றம் இழப்பீட்டை மறுக்கக் காரணமாகலாம். வயரிங்கை வெட்டி ஒட்டிய இடத்திலிருந்து தீ தொடங்கினால் அந்தக் கேள்வி கட்டாயம் எழும்.

பொலிசார் ஒரு பொருளைக் கழற்றச் சொன்னால் வீதியில் தர்க்கிக்க வேண்டாம். எந்த விதியின் கீழ் என்று மரியாதையாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நிர்வாக மொழி தமிழ் என்பதால் படிவத்தையும் பதிலையும் தமிழில் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. தெளிவான பதில் கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் திணைக்களத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு விண்ணப்பிக்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்.

பாவித்த கார் வாங்குபவர்களுக்கு இவை எல்லாம் இரட்டிப்பாகப் பொருந்தும். முந்திய உரிமையாளர் செய்த மாற்றத்துக்குப் பின்னர் பதில் சொல்ல வேண்டியவர் நீங்களே. ஆகவே எஞ்சின் இலக்கம், செசி இலக்கம், நிறம், ஆசனம், ரயர் ஆகியவற்றைப் புத்தகத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தாதது ஒன்றேனும் இருந்தால், அதைப் பதிந்து முடித்த பின்னரே மீதிப் பணம் தருவதாக விற்பவரிடம் எழுத்தில் உடன்படுங்கள்.