அனோஸ்மியா: தமிழில் முகர்வின்மை

எந்த மணத்தையும் உணர முடியாத நிலைக்கு மருத்துவத்தில் அனோஸ்மியா என்று பெயர். சளி பிடித்து மூக்கு அடைத்துக்கொள்ளும் நாட்களில் இதன் சாயல் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் மூச்சு தாராளமாகப் போய்வந்தும், மல்லிகைக்கும் சாக்கடைக்கும் வித்தியாசம் தெரியாமல் வருடக்கணக்கில் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். சிலர் பிறந்ததிலிருந்தே அப்படி. அவர்களுடைய நிலைக்குத் தமிழில் ஒரு நல்ல சொல் வேண்டும் என்பதற்காகத்தான் இந்த விளக்கம்.

முதலில் கிரேக்கம். 'அன்' என்றால் இல்லை, 'ஓஸ்மே' என்றால் மணம். இரத்தசோகைக்கு நாம் சொல்லும் அனீமியாவிலும், அறுவை சிகிச்சைக்கு முன் கொடுக்கும் அனஸ்தீசியாவிலும் முன்னால் நிற்பது இதே 'அன்'தான். ஒன்றில் இரத்தம் இல்லை, இன்னொன்றில் உணர்வு இல்லை, இதில் மணம் இல்லை. ஓஸ்மே பிறந்த வேரிலிருந்தே லத்தீனின் 'ஓடோர்' என்ற சொல்லும் வந்தது. 1803-இல் ஸ்மித்சன் டென்னன்ட் கண்டுபிடித்த ஓர் உலோகத்துக்கு ஆஸ்மியம் என்று பெயர் வந்ததும், அதன் ஆக்சைடு கிளப்பிய கடும் நெடியால்தான். பள்ளியில் படித்த ஆஸ்மாசிஸுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. அது 'தள்ளுதல்' என்று பொருள்படும் வேறொரு கிரேக்கச் சொல். ஆஸ்துமாவும் வேறுதான், ஒலி மட்டுமே நெருங்கி வருகிறது.

பழைய கிரேக்க வேர்களைக் கொண்டு பிற்காலத்து மருத்துவர்கள் கட்டிய சொல் இது. 18-ஆம் நூற்றாண்டில் நோய்களை வகைப்படுத்திப் பட்டியல் போட்ட ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் கல்லன், புலன்கள் கெடும் நோய்களின் வரிசையில் இதையும் சேர்த்தார். அதன்பிறகும் அது மருத்துவர்களின் ஏட்டுச் சொல்லாகவே இருந்தது. 2020-இல் கொரோனா வந்த பிறகுதான் வீட்டுக்குள் நுழைந்தது. மணமும் சுவையும் திடீரென்று போவதை இந்திய சுகாதார அமைச்சகம் அந்த ஆண்டு ஜூனில் கொரோனாவின் அறிகுறிகளில் சேர்த்தது. காபித்தூள் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்ப்பது வீட்டுச் சோதனையாகவே ஆகிவிட்டது. செய்திகளில் 'வாசனை இழப்பு' என்று எழுதினார்கள். வீட்டில் "வாசனையே தெரியல" என்றார்கள்.

அதற்கு முன் நம்மிடம் என்ன சொல் இருந்தது? தேடிப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. புறநானூற்றின் 28-ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் மனிதப் பிறப்பில் நேரும் எட்டுக் குறைகளை வரிசையாகச் சொல்கிறார்: சிதடு, பிண்டம், கூன், குறள், ஊம், செவிடு, மா, மருள். சிதடு என்றால் குருடு. கண்ணுக்கு உண்டு, காதுக்கு உண்டு, பேச்சுக்கு உண்டு. மூக்குக்கு இல்லை.

இத்தனைக்கும் மூக்கை மதிக்காத மொழி அல்ல தமிழ். தொல்காப்பியம் உயிர்களை அறிவால் அடுக்கும்போது மூன்றாம் அறிவாக மூக்கைத்தான் வைக்கிறது. 'சுவைஒளி ஊறுஓசை நாற்றம்' என்று ஐந்தையும் எண்ணுகிறது குறள். காமத்துப்பாலில் 'கண்டுகேட்டு உண்டுயிர்த்து உற்றறியும் ஐம்புலனும்' என்று வருகிறது. அங்கே 'உயிர்த்து' என்பதற்கு முகர்ந்து என்று பொருள். மூச்சுக்கும் முகர்தலுக்கும் ஒரே சொல்! மணங்களுக்கான சொற்களுக்கோ கணக்கே இல்லை. பழைய நூல்களில் விரை, வெறி, கடி, நறை, முடை, புலவு. அன்றாடப் பேச்சில் வாசம், வாடை, நெடி, வீச்சம், கவிச்சி, சிக்கு. மீன் கழுவிய கைக்கு ஒரு சொல், பழைய எண்ணெய்க்கு ஒரு சொல், மழை விழுந்த மண்ணுக்கு ஒரு சொல். இவ்வளவும் இருக்க, இவை எதையுமே உணராதவரைச் சொல்ல ஒரு சொல் இல்லை. சித்த மருத்துவத்தில் பீனிசம் என்று ஒன்று உண்டு. அது மூக்கிலும் அதை ஒட்டிய அறைகளிலும் வரும் நோயின் பெயர். அதனால் மணம் தெரியாமல் போகலாம் என்றாலும், அந்தத் தெரியாமையின் பெயர் அது அல்ல.

காரணம் இதுவாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்: கண்ணும் காதும் போனால் பார்க்கிறவருக்குத் தெரியும். மூக்கு போனால் சொன்னால்தான் தெரியும். பிறவியிலேயே இல்லாதவருக்கோ தனக்கு இல்லை என்பதே தெரியாமல் இருக்கலாம். என் பெரியம்மா மகள் அப்படித்தான். சின்ன வயதில் பூவைக் கொடுத்தால் மற்றவர்களைப் பார்த்து அவளும் மூக்கருகே கொண்டுபோய் "நல்லா இருக்கு" என்பாள். வாசனை என்பது எல்லோரும் மரியாதைக்காகச் சொல்லிக்கொள்ளும் பேச்சு என்றே வெகுகாலம் நம்பியிருந்தாள். கல்லூரி விடுதியில் அறைத்தோழிகள் அடுத்த கட்டிடத்துச் சமையல் என்னவென்று படுத்தபடியே சொன்னபோதுதான் சந்தேகம் வந்தது. வீட்டில் சொன்னபோது, "சளி இருக்கும், ஆவி பிடி" என்றார்கள். அப்போது அவளுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு பெயர் இருந்திருந்தால் அடுத்த சில வருட அலைச்சல் குறைந்திருக்கும்.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது? மூக்குத் துளையின் மேற்கூரையில் ஒரு சிறிய சவ்வுப் பகுதி இருக்கிறது. காற்றில் வரும் மணத் துகள்களைப் பற்றும் நரம்புச் செல்கள் அங்கே உள்ளன. மனிதரில் இந்தப் பற்றிகள் சுமார் 400 வகை. இவற்றின் மரபணுக் குடும்பத்தை 1991-இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் செல்களின் இழைகள், பொடிப்பொடித் துளைகள் நிறைந்த ஒரு மெல்லிய எலும்பைத் தாண்டி மூளையின் முகர்குமிழை அடைகின்றன. பைக்கில் விழுந்து தலை பலமாக அடிபடும்போது, எலும்பு உடையாவிட்டாலும் மூளை அசைந்த வேகத்தில் இந்த இழைகள் அறுந்துபோகலாம். மூக்கில் வளரும் சதை, நாட்பட்ட சைனஸ், வைரஸ் காய்ச்சல், முதுமை இவையும் காரணங்கள். பார்க்கின்சன் நோயில் கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மணம் மங்கிவிடுவதுண்டு. கொரோனாவில் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவை நரம்புச் செல்கள் அல்ல, அவற்றைத் தாங்கி நிற்கும் துணைச் செல்கள். பலருக்குச் சில வாரங்களில் மணம் திரும்பியது அதனால்தான். எல்லோருக்கும் திரும்பவில்லை.

பிறவி வகையில் ஒன்றைப் பெற்றோர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். கால்மன் நோய்க்குறி என்று அதற்குப் பெயர். பருவமடைதலைத் தூண்டும் ஹார்மோனுக்கான செல்கள், கருவில் மூக்குப் பகுதியில் தோன்றி, முகர்நரம்பின் வழியாகவே மூளைக்குள் போகின்றன. அந்தப் பாதை சரியாக உருவாகாவிட்டால் மணமும் வராது, பருவமும் தள்ளிப்போகும். வயதாகியும் பருவமடையாத பிள்ளைக்கு மணமும் தெரியவில்லை என்றால் ஹார்மோன் மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும். இதற்குச் சிகிச்சை உண்டு. மணம் வராது, ஆனால் பருவ வளர்ச்சி வரும்.

மணம் தெரியாதவர் மிளகாய் வறுக்கும்போது இருமுவாரா? இருமுவார். வெங்காயம் நறுக்கினால் கண்ணீரும் வரும். அம்மோனியா சுர்ரென்று ஏறும், தைலம் குளிரும். இவற்றை முகத்தின் தொடுவுணர்வைக் கொண்டுபோகும் முக்கிளை நரம்பு உணர்கிறது, முகர்நரம்பு அல்ல. "ஒன்றுமே தெரியவில்லை" என்று நடிப்பவரைக் கண்டுபிடிக்க மருத்துவர்கள் அம்மோனியாவை நீட்டுவார்கள். அதுவும் தெரியவில்லை என்றால் சந்தேகப்படுவார்கள். இங்கே தமிழ்ப் பேச்சு ஒரு நுட்பத்தைக் காத்து வைத்திருக்கிறது. மிளகாய்க்கு நாம் 'மணம்' என்பதைவிட 'நெடி' என்கிறோம், 'கமறுது' என்கிறோம். முகர்வு இல்லாதவருக்கு மணம் இல்லை, நெடி உண்டு. இதைவிடச் சுருக்கமாக அந்த நிலையை விளக்க முடியாது.

சாப்பாட்டிலும் இதே பிரிவுதான். ரசத்தில் புளிப்பும் உப்பும் நாக்குக்குத் தெரியும். மிளகின் காரம் சுடும். பெருங்காயம், சீரகம், கறிவேப்பிலை, மேலே தூவிய கொத்தமல்லி எல்லாம் மெல்லும்போதும் விழுங்கும்போதும் தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறித்தான் தெரியவேண்டும். அவை காணாமல் போகும். அதனால்தான் மணம் போனவர்கள் "நாக்கு செத்துப்போச்சு" என்று நாக்கைக் குறை சொல்கிறார்கள். இவர்களில் பலர் மொறுமொறுப்பையும் சூட்டையும் தேடிச் சாப்பிடுவார்கள். பென் அண்ட் ஜெரீஸ் ஐஸ்கிரீமில் பெரிய பெரிய துண்டுகள் கிடப்பதற்கு, அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான பென் கோஹனுக்கு மணம் சரியாகத் தெரியாததே காரணம். கடிபடும் சுகம்தான் அவருக்குச் சுவை.

ஆபத்தும் உண்டு. சமையல் எரிவாயுவுக்குத் தனியாக மணம் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டான் கலக்கிறார்கள். முகர்வு இல்லாதவருக்கு அந்த எச்சரிக்கை எட்டாது. சிலிண்டரில் வரும் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். ஆகவே கசிவு காட்டும் கருவியைத் தரைக்குப் பக்கத்தில் பொருத்தவேண்டும். திரிந்த பால், ஊசிப்போன குழம்பு, தீய்ந்த அடுப்பு எல்லாவற்றுக்கும் இன்னொருவரைக் கேட்கவேண்டும். தன் உடம்பு நாறுகிறதோ என்று திரும்பத் திரும்பக் குளிக்கிறவர்களும் இருக்கிறார்கள். தான் பெற்ற குழந்தையின் உச்சி வாசனை தெரியவில்லையே என்று அழுகிறவர்களும் இருக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. புறநானூற்றுப் பட்டியலில் இல்லாதது அதிலும் இல்லை.

இனி சொல்லுக்கு வருவோம். 'மணமின்மை' என்று எழுதுகிறார்கள். அது பொருந்தாது. மணம் இல்லாதது காகிதப் பூவுக்கு. இங்கே பூவில் மணம் இருக்கிறது, உணர்கிறவரிடம்தான் குறை. 'நாற்றமின்மை' இன்னும் சிக்கல். 'கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ' என்று ஆண்டாள் பாடிய காலத்தில் நாறுதல் நறுமணம். இன்று அது துர்நாற்றம் மட்டுமே. பாடப்புத்தகத்தில் படித்த 'நுகர்தல்' நல்ல சொல்தான். ஆனால் நுகர்வோர், நுகர்பொருள் என்று அது கடைத்தெருவுக்குப் போய்விட்டது. 'நுகர்வின்மை' என்றால் வாங்குவார் இல்லை என்று படிப்பார்கள். 'மோப்பம்' எனக்கு மிகவும் பிடித்த சொல். 'மோப்பக் குழையும் அனிச்சம்' என்று குறளில் மனிதர் முகர்வதைத்தான் அது சொன்னது. பேச்சிலும் "மோந்து பாரு" என்கிறோம். ஆனாலும் பெயர்ச்சொல்லாக வரும்போது இன்று போலீஸ் நாய்தான் கண்முன் நிற்கிறது. நோயாளியிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வராது.

மிஞ்சுவது முகர்தல். 'முகர்வு' என்பது செயலின் பெயர், திறனின் பெயர் அல்ல என்று ஒரு மறுப்பு வரலாம். பார்வையும் செயலின் பெயர்தான். பார்வையின்மை என்றால் யாரும் குழம்புவதில்லை. அதே அச்சில் முகர்வின்மை நன்றாகப் பொருந்துகிறது. பார்வையற்றவர் போல முகர்வற்றவர். இடையில் வந்ததானால் முகர்விழப்பு. இந்த இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்வது முக்கியம். பிறவியிலேயே இல்லாதவரிடம் 'இழப்பு' என்று சொன்னால் அவருக்கு ஒருபோதும் இல்லாத ஒன்றைப் பறிகொடுத்ததாக ஆகிறது. என் அக்காவுக்கு அந்தச் சொல்லே பிடிக்காது. விபத்திலோ காய்ச்சலிலோ மணத்தைப் பறிகொடுத்தவருக்கோ 'இழப்பு'தான் உண்மை, அவருடைய துக்கத்தையும் அது சேர்த்துச் சொல்கிறது.

ஓஸ்மே குடும்பத்தின் மற்ற சொற்களுக்கும் இதே வழியில் பெயர் வைக்கலாம். மணம் மங்கலாகத் தெரியும் ஹைப்போஸ்மியா, முகர்வுக் குறைவு. ஒன்று இன்னொன்றாகத் தெரியும் பரோஸ்மியா, மணத்திரிபு. கொரோனாவுக்குப் பிறகு இது பலரை வாட்டியது. காபி, வெங்காயம், பூண்டு, வறுத்த கறி எல்லாம் கருகின ரப்பர்போலவோ அழுகல்போலவோ அடித்து, தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார்கள். எதுவுமே இல்லாத இடத்தில் புகையோ அழுகலோ அடிப்பதாகத் தோன்றும் பேன்டோஸ்மியா, பொய்மணம்.

காய்ச்சலுக்குப் பின் முகர்வை இழந்தவர்களுக்கு முகர்வுப் பயிற்சி உண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தோமஸ் ஹும்மெல் குழுவினர் 2009-இல் வெளியிட்ட முறை அது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கு மணங்களைக் காலையும் மாலையும் கவனத்தோடு முகரவேண்டும், 12 வாரங்களுக்கு. கிராம்பும் எலுமிச்சையும் அடுக்களையிலேயே இருக்கின்றன, யூகலிப்டஸுக்கு நீலகிரித் தைலம் போதும். முகர்நரம்புச் செல்கள் வாழ்நாள் முழுக்கப் புதிதாக முளைப்பவை என்பதால் இதில் பலருக்கு ஓரளவாவது முன்னேற்றம் கிடைக்கிறது. முகர்குமிழே உருவாகாமல் பிறந்தவர்களுக்கு இது உதவாது. ஆகவே மருத்துவரிடம் போகும்போது முதலில் சொல்லவேண்டியது: எனக்கு இருப்பது முகர்வின்மையா, முகர்விழப்பா, இழப்பென்றால் எந்த மாதத்திலிருந்து.